ஸ்கேனர் அப்புறம், மல்டிமீட்டர் முதலில்

பத்தாவது முடித்த மகனுக்குக் காரின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வாங்கித் தந்தால், கம்பத்தில் குமுளி ரோட்டோரம் கார் ஒர்க்‌ஷாப் போட்டுப் பிழைத்துக்கொள்வானா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. பிழைத்துக்கொள்வான். ஆனால் ஸ்கேனரிலிருந்து தொடங்க வேண்டாம்; வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரிலிருந்து தொடங்கட்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே வண்டியைச் சோதிப்பதற்கென்றே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகுவது அதில்தான். 16ஆம் பின்னில் பேட்டரியின் 12 வோல்ட், 4லும் 5லும் எர்த். 6, 14 இரண்டும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் 'கேன்' ஒயர்கள். இசியூ எனப்படும் அந்தக் கம்ப்யூட்டர்களோடு ஸ்கேனர் பேசுவதும் பெரும்பாலும் இவற்றின் வழியே. ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கேட்டால் 12, 128 என்று இரண்டு எண்கள் வரும். முதலாவதை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4ஆல் வகுத்தால் 800. ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம், சரி. இந்தக் கணக்கை ஸ்கேனரே போட்டுவிடும்.

தொடர்பே கிடைக்காதபோதுதான் மெக்கானிக் தேவை. முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும்: 16ஆம் பின்னில் 12 வோல்ட் வருகிறதா? வராவிட்டால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும்; பல வண்டிகளில் சிகரெட் லைட்டரும் அதே ஃபியூஸில்தான். வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் நடுவே ஓம் பார்க்க வேண்டும். 60 காட்டினால் நல்லது. கேன் ஒயர்களின் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து தரும் அளவு அது. 120 என்றால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட். ஜிபிஎஸ் மாட்ட ஒயரைச் சீவி முறுக்கிய இடம் இருந்தால், அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

ஸ்கேனரில் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்துவிட்டாலும் வேலை முடியாது. பி 0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் காசை வீணாக்குகிறவர்கள் உண்டு. இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவுக்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். ஐடிலிங்கில் ஏறி நிற்கும் அது, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் கசிவு. வேகத்தோடு ஏறினால் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் 2 ஆண்டுப் படிப்பு. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். சேர்க்குமுன் ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்கள்: ஓடும் நிலையில் கார் இருக்கிறதா, மாணவர்கள் கையில் ஸ்கேனர் தருகிறார்களா? ஒயரிங் படங்கள் இங்கிலீஷில் இருக்கும், அதற்குத் தயாராகட்டும். மலையாளமும் பேசினால் மலைமேல் குமுளியில் இருக்கும் டாக்சிக்காரர்களும் இறங்கி வருவார்கள்.

நல்ல மல்டிமீட்டரே சில ஆயிரத்துக்குள் கிடைக்கும். இந்த லீவில் அதை வாங்கிக் கொடுங்கள். தெரிந்தவர் காரில் ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று பார்க்கட்டும், 9.6க்குக் கீழே போனால் காரணத்தை அவனே தேடட்டும்.