ஸ்வாஹிலியில் ‘கி’யும் ‘வி’யும் எங்கிருந்து வந்தன?

கேள்வி: வேலைக்காகத் தான்சானியாவின் தார் எஸ் சலாம் போகிறேன், ஸ்வாஹிலி படிக்கிறேன். பெயர்ச்சொற்களுக்கு ஏன் இத்தனை வகுப்புகள்? காரணம் தெரிந்தால் மனப்பாடம் குறையுமா?

பதில்: ஓரளவு குறையும். ஸ்வாஹிலியில் பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிந்திருக்கும்; சொல்லின் முன்னால் வரும் ‘கி’, ‘வி’ (அதன் பன்மை), ‘ம’ போன்ற ஒட்டு அந்த வகுப்பைக் காட்டும். முதலில் ‘ம’வைக் கவனியுங்கள். ஸ்வாஹிலியில் தண்ணீர் மாஜி, பால் மஸீவா, எண்ணெய் மஃபூதா. கண்டத்தின் மறுகோடியில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலா மொழியில் தண்ணீர் ந்தியம், பால் கோசம். திரவத்துக்கு அதே ‘ம்’, ஆனால் சொல்லின் கடைசியில்! இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இவற்றையெல்லாம் நைஜர்-காங்கோ என்று ஒரே மொழிக்குடும்பமாகச் சேர்க்க இத்தகைய ஒட்டுகள்தாம் பெரிய சான்று.

ஒன்றில் முன்னே, ஒன்றில் பின்னே வந்தது எப்படி? மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1978இல் ஒரு வழி காட்டினார். ‘அந்த’ போன்ற சுட்டுச்சொல் பேச்சில் தேய்ந்து பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் சுட்டும் பொருள் போய், வெறும் வகுப்பு அடையாளமாக நிற்கிறது. சுட்டு பெயருக்குப் பின்னால் வந்த மொழியில் அது பின்னொட்டாகும். மேற்கு ஆப்பிரிக்காவில் பர்கினா ஃபாசோ பக்கத்துக் குர்மா மொழிகளில் முன்னும் பின்னும் இரண்டுமே உண்டு. பழையது உதிரும் முன்பே புதியது ஒட்டிய நிலை அது. அந்தச் சுட்டுகளுக்கே வகுப்பு வந்தது எப்படி என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இனி உங்கள் பாடம். பொருளை வைத்து எல்லா வகுப்பையும் பிடிக்க முயலாதீர்கள். அரபியிலிருந்து வந்த கிதாபு (புத்தகம்; நம் ஊர் முஸ்லிம் வீடுகளிலும் புழங்கும் சொல்தான்) ‘கி’யில் தொடங்கியதாலேயே அந்த வகுப்பில் சேர்ந்து, பன்மையில் விதாபு ஆகிவிட்டது. பாடநூலில் இதற்கு 7, 8 என்று எண் இருந்தால் மிரள வேண்டாம். ஒருமைக்கு ஓர் எண், பன்மைக்கு ஓர் எண். வகுப்பு ஒரு ஜோடிதான். ஜோடியாகவே படியுங்கள்.

மனிதர், விலங்குகள் என்றால் மட்டும் பொருள்தான் ஜெயிக்கும். புத்தகம் விழுந்தால் வினையின் முன்னாலும் ‘கி’ வந்து ‘கிதாபு கிமேஆங்குகா’. நீர்யானை விழுந்தாலோ, ‘கி’யில் தொடங்கும் கிபோகோவாக இருந்தும், ‘கிபோகோ அமேஆங்குகா’: மனிதருக்கு வரும் அதே ‘அ’. உயர்திணை, அஃறிணை பார்த்துப் பழகிய நமக்கு இது சீக்கிரம் பிடிபடும். நம் அஃறிணையில் இருக்கும் விலங்குகள் அங்கே மனிதரோடு சேர்கின்றன, அவ்வளவே.