சென்னை மாகாணம்: சேர்ந்த கதை, பிரிந்த கதை

கேள்வி: தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா பேசும் ஊர்களை எல்லாம் ஒரே மாகாணத்தில் ஏன் போட்டார்கள்?

பதில்: யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு எது எப்போது வந்ததோ, அது சேர்ந்துகொண்டது. 1760களில் வட சர்க்கார், அதாவது ஆந்திரக் கடற்கரைச் சீமை. 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் (சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்), திண்டுக்கல், மலபார். அவர் 1799-இல் வீழ்ந்ததும் கோயம்புத்தூரும், மங்களூர்க் கடற்கரைப் பக்கமான கனராவும். மறு வருஷம் ஹைதராபாத் நிஜாம் தனக்காக நிறுத்திய கம்பெனிப் படையின் செலவுக்கு ஈடாகக் கொடுத்த கடப்பை, பெல்லாரிப் பக்கம். 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் சீமை. வரி வசூலுக்கு வசதியாகத்தான் ஜில்லாக்களை வகுத்தார்கள். அங்கே பேசும் மொழி என்ன என்று பார்க்கவில்லை. பிற்காலத்து எல்லைச் சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பம்.

கேள்வி: அந்தக் காலத்து நிர்வாகம் கிராமம் வரை எப்படி இறங்கியது?

பதில்: உச்சியில் கவர்னர். நிலவரிக்கு 1786-இல் ஏற்பட்ட வருவாய் வாரியம். அதன் கீழ் கலெக்டர், தாசில்தார். கிராமத்தில் தலைவரான முன்சீப், கணக்கரான கர்ணம், காவல்காரரான தலையாரி. என்னைக் கேட்டால் கர்ணம்தான் மாகாணத்தின் அச்சாணி. எந்தப் புல எண்ணில் யார் சாகுபடி, என்ன பயிர், நஞ்சையா புஞ்சையா, எந்த ஏரிப் பாய்ச்சல் என்று அவர் அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கில் எழுதியதை வைத்துத்தான் மேலே எல்லாக் கணக்கும். ஜமீன்கள் நீங்கலான இடங்களில் ரயத்துவாரி முறை, அதாவது இடையில் ஆள் இல்லாமல் விவசாயியிடமே வரி வாங்குவது. பாராமகாலில் ஆங்கிலேய அதிகாரிகள் ரீடும் மன்றோவும் செய்து பார்த்தது. ஜூலையில் தொடங்கும் பசலி என்ற வருவாய் ஆண்டும், கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தியும் இன்றும் இருக்கின்றன. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது.

கேள்வி: முதலில் பிரிந்தது ஆந்திராதானே?

பதில்: இல்லை. 1862-இலேயே வட கனரா பம்பாய்க்குப் போய்விட்டது. 1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா உருவானபோது கஞ்சத்தின் பெரும்பகுதியும் கோராபுட்டும் போயின.

கேள்வி: சென்னை நகரமே கை நழுவியிருக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: 'மதராஸ் மனதே' (மதராஸ் நம்முடையதே) என்ற தெலுங்கு முழக்கம் சும்மா இல்லை. தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் 1952 அக்டோபர் 19 அன்று உண்ணாவிரதம் தொடங்கி, டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார். நாலே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். சென்னை நகரம் அதில் இல்லை. இருந்தும் இழுபறி ஓயவில்லை. "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. கிளம்பியது அதனால்தான். கடைசியில் 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராக வைத்து ஆந்திரா பிறந்தது. பெல்லாரியை மட்டும் இரண்டாக வெட்டினார்கள்: ஆதோனி, ஆலூர், ராயதுர்கம் ஆந்திராவுக்கு, மிச்சம் மைசூருக்கு.

கேள்வி: திருப்பதி போனது, திருத்தணி வந்தது. என்ன கணக்கு இது?

பதில்: 1911-க்குப் போங்கள். அதுவரை இரண்டும் வட ஆர்க்காடு ஜில்லா. அதன் தலைமையிடமே சித்தூர்தான். அந்த வருஷம் சித்தூரைத் தனி ஜில்லாவாக்கி, கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைச் சேர்த்தார்கள். 1953-இல் ஜில்லா ஜில்லாவாகப் பிரித்தபோது சித்தூர் அப்படியே ஆந்திராவுக்குப் போயிற்று. ஒரு நிர்வாக உத்தரவு நாற்பது வருஷம் கழித்து மாநில எல்லையாகிவிட்டது, பாருங்கள்! தமிழறிஞர் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய போராட்டம், பிறகு எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த தீர்ப்பு, இவற்றின் பலனாக 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம் பக்கம். அந்தப் பக்கத்துப் பழைய சொத்து விவரம் தேடுகிறவர்கள் 1911-க்கு முந்தையதற்கு வட ஆர்க்காடு பதிவுகளைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்ததில் நமக்கு லாபமா நஷ்டமா?

பதில்: நவம்பர் 1 அன்று மலபாரும் காசர்கோடும் கேரளாவுக்கு, மற்ற தென் கனராவும் கொள்ளேகாலும் மைசூருக்கு. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையில் ஒரு பகுதி. தேவிகுளம், பீர்மேடு வரவில்லை. அங்கே தமிழர் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணி தரப்புக்கு அது ஆறாத மனக்குறை. முல்லைப் பெரியாறு அணை பீர்மேட்டுப் பக்கம் இருப்பதை நினைத்தால் லாபம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: பழைய தாள் ஒன்றில் அஞ்சுதெங்கு, திருநெல்வேலி ஜில்லா என்று இருக்கிறது. எழுத்துப் பிழையா?

பதில்: பிழை இல்லை. திருவிதாங்கூருக்கு நடுவே கம்பெனி வைத்திருந்த கடற்கரைத் துண்டு அது. மலபாரோடு இருந்து, 1906-இல் தனி ஜில்லாவாகி, பிறகு திருநெல்வேலியோடு ஒட்டப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் திருவிதாங்கூர்-கொச்சிக்குப் போயிற்று. தாளைப் பத்திரமாக வையுங்கள்.