நுரைக்காத ஹைட்ரஜன் பெராக்சைடு

கேள்வி: நாலைந்து மாதத்துக்கு முன் மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கினேன். மூடி உடைந்துவிட்டதால் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்திருந்தேன். நேற்று மகனின் சிராய்ப்பில் விட்டால் நுரையே வரவில்லை. காலாவதி தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கலப்படமா?

பதில்: கலப்படமாக இருக்க வாய்ப்பு குறைவு. மருந்து உங்கள் ஜன்னலில்தான் வீணாகியிருக்கும். பத்தாம் வகுப்பில் படிக்கும் சிதைவு வினைதான் இது: ஒரே சேர்மம் உடைந்து இரண்டு பொருளாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. தானாகவே மெதுவாக நடக்கும். வெயிலும் சூடும் பட்டால் வேகம் கூடும். பழுப்புப் பாட்டிலில் விற்பது வெளிச்சத்தைத் தடுக்கத்தான். ஆக்சிஜன் போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். காலாவதி தேதி, சொன்னபடி பாதுகாத்து வைத்தால்தான் பொருந்தும்.

புண்ணில் பொங்கும் நுரையும் இதே வினைதான். ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை நொடியில் முடித்துவிடுகிறது. ரத்தம் கசியாத தோலில் நல்ல மருந்துகூட அவ்வளவாக நுரைக்காது. அதனால் நறுக்கிய உருளைக்கிழங்கில் சில சொட்டு விட்டுப் பாருங்கள், அதிலும் கேட்டலேஸ் உண்டு. அங்கும் நுரை வராவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

வாங்கும்போது லேபிளில் 6% அல்லது '20 வால்யூம்' என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு மில்லி கரைசல் முழுவதும் சிதைந்தால் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் வரும் என்பது அதன் பொருள். இவ்வளவு வாயு வருவதால்தான் உப்பிய பாட்டிலை வாங்கக் கூடாது என்கிறேன். கடையில் வெயில் படும் அலமாரியில் இருந்ததும் வேண்டாம்.

தண்ணீர் பாட்டிலில் மருந்து வைப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு, தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுவார்கள். இறுக மூடிய பாட்டில் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும். அப்புறம், சிராய்ப்புக்கு ஓடும் தண்ணீரும் சோப்பும் போதும். பெராக்சைடு புதிதாக வளரும் திசுவையும் அரிக்கும் என்பதால் தினமும் விடுவது நல்லதல்ல.

சரி, அப்போதுதான் சீல் பிரித்த புதுப் பாட்டிலே உருளைக்கிழங்கில் நுரைக்கவில்லை என்றால்? பில்லோடும் பேட்ச் எண் தெரியும் பாட்டிலோடும் கடைக்காரரிடம் கேளுங்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.