25 கார் நிற்கும் என்று நினைத்த இடத்தில் 11 தான் தேறுகிறது, ஏன்?

கேள்வி: மூலை மனையில் இரண்டு மாடிக் கட்டடம் கட்டுகிறோம். கீழே கிளினிக், மேலே அலுவலகம். பின்பக்கம் 20 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலத்தில் காலி இடம் விட்டிருக்கிறோம். கட்டடத்தின் பக்கவாட்டு வழியாகத்தான் கார் அங்கே வரும், மறுமுனையில் சுவர். ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர் என்று விதியில் இருக்கிறது, அதாவது 12.5 சதுர மீட்டர். 320ஐ அதால் வகுத்தால் 25 கார் வருகிறது. எங்களுக்கு வேண்டியது 14 தான். ஆனால் 11 கார்தான் நிற்கும் என்று சொல்லி பிளானைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடுப்பாதை 6 மீட்டர் வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு 3.6 மீட்டர் அகலத்தில் ஒரு இடம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கார்களைச் சாய்வாக நிறுத்துகிற மாதிரி வரைந்தால் 14 வருமா?

பதில்: சாய்வாக வரைந்தால் வராது. ஆனால் 14 வருவதற்கு வேறு வழி இருக்கிறது, அது உங்கள் மனையிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த 11 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது புரியாமல் பிளானை எத்தனை முறை திருத்தினாலும் திரும்பித்தான் வரும்.

பரப்பளவை வகுத்துக் கணக்குப் போடுவது கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிற தவறு. 12.5 சதுர மீட்டர் என்பது கார் அசையாமல் நிற்கும்போது அதற்கு வேண்டிய இடம். உள்ளே வர, திரும்ப, பின்னால் எடுக்க, வெளியே போக வேண்டிய இடமெல்லாம் அதில் இல்லை. இரண்டு பக்கமும் கார், நடுவில் பாதை என்ற சாதாரண அமைப்பில் பாதையின் பங்கையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 20 சதுர மீட்டர் போகும். நுழைவு வழி, ஓரச் சுவர், பச்சைப் பட்டை எல்லாம் சேர்ந்தால் 25, 30 வரைகூடப் போய்விடும். அதனால் பார்க்கிங் வரையும்போது நான் முதலில் கார் கட்டங்களைப் போடுவதே இல்லை. வண்டி எங்கே நுழைகிறது, எந்த வழியாக ஓடுகிறது என்று பாதையை முதலில் போட்டுவிட்டு, அதன் ஓரங்களில் எத்தனை கட்டம் ஒட்டுகிறது என்று அப்புறம்தான் எண்ணுவேன். உங்கள் பிளானைப் பார்த்த அதிகாரியும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்.

உங்கள் இடத்தில் எண்ணிப் பார்ப்போம். 16 மீட்டர் அகலத்தை 5 + 6 + 5 என்று பிரித்தால் இரண்டு வரிசை, நடுவில் ஒரு பாதை. சரியாக உட்கார்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் பல ஊர்களில் இதே நடுப்பாதைக்கு 24 அடி, அதாவது 7.3 மீட்டர் கேட்பார்கள். அங்கே இந்த அமைப்பே உங்களுக்குக் கிடைத்திருக்காது. நீளத்துக்கு வந்தால், 20ஐ 2.5ஆல் வகுத்து வரிசைக்கு 8, மொத்தம் 16 என்று தோன்றும். இங்கேதான் ஒவ்வொன்றாகக் கழிகிறது. உங்கள் நுழைவு வழி கட்டடத்தின் பக்கவாட்டில் வந்து, கட்டடத்தை ஒட்டிய வரிசையின் மூலையில் திறக்கிறது. அந்த வழிக்கு 6 மீட்டர் போனால் அந்த வரிசையில் மிச்சம் 14 தான். பாதை மறுமுனையில் சுவரில் முட்டி நிற்கிறது, அதனால் கடைசிக் கட்டத்துக்கு அப்பால் 1 மீட்டராவது பாதை நீண்டிருக்க வேண்டும். மிச்சம் 13. அந்த வரிசையில்தான், பின்கதவுக்குப் பக்கத்தில், மாற்றுத்திறனாளி கட்டத்தையும் வைத்திருப்பீர்கள். 3.6 போக 9.4 மீட்டர், அதில் 3 கட்டம். ஆக இந்த வரிசையில் 4. எதிர் வரிசையில் அதே 1 மீட்டரும், சுவரை ஒட்டிய கட்டத்துக்குக் கூடுதலாக 0.3 மீட்டரும் போக 18.7 இருக்கிறது, 7 கட்டம். மொத்தம் 11. அவர்கள் சொன்ன எண் சரி.

முட்டுச்சந்தில் கேட்கும் அந்த 1 மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலர் அதைத்தான் அநியாயம் என்று நினைக்கிறார்கள். கார் பின்னால் வரும்போது முன்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வரும், ஏனென்றால் திரும்புவது முன்சக்கரம். சுவரை ஒட்டிய கடைசிக் கட்டத்திலிருந்து பின்னால் எடுக்கும் ஓட்டுநர் காரின் பின்பாகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினால்தான் முன்பக்கம் வாசலைப் பார்க்கும். அப்படித் திருப்ப இடமே இல்லையென்றால் ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று ஏழெட்டு முறை ஆட்டி எடுக்க வேண்டியிருக்கும், அதற்குள் பக்கத்து வண்டியில் ஒரு கீறல் விழுந்திருக்கும். சுவரோரக் கட்டத்துக்குக் கேட்கும் 0.3 மீட்டரும் இப்படித்தான். கார் சுமார் 1.8 மீட்டர் அகலம், கட்டம் 2.5. மிச்சமுள்ள 70 சென்டிமீட்டரில்தான் கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே என்றால் அந்த இடைவெளியை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்வார்கள். சுவர் அப்படி விட்டுக்கொடுக்காது. கிளினிக் என்கிறீர்கள், முழங்கால் வலியோடு வருபவர் அந்தக் கதவைப் பாதி திறந்து எப்படி இறங்குவார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, சாய்வு வரிசைக்கு வருவோம். 60 பாகை சாய்த்தால் ஒரு கட்டம் பாதையோரமாக 2.5க்குப் பதில் கிட்டத்தட்ட 2.9 மீட்டரைப் பிடித்துக்கொள்ளும், ஆழமும் 5லிருந்து சுமார் 5.6 ஆகிவிடும். லாபமெல்லாம் நடுப்பாதையில்தான், 6க்குப் பதில் நாலு, நாலரை போதும். வரிசையின் இரு முனைகளிலும் முக்கோணமாக இடம் வீணாகும். உங்கள் 20 மீட்டரில் வரிசைக்கு 6 கட்டம்தான் வரும், அதுவும் நுழைவு வழிக்கு எதையும் கழிக்காமல். அதைவிடப் பெரிய சிக்கல், சாய்வு வரிசை ஒருவழிப் பாதைக்கு உரியது. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும். உங்களுக்கு மறுமுனையில் சுவர். அகலம் 16க்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது, உள்ளே ஒரு வழி வெளியே ஒரு வழி உண்டு என்றால் சாய்வு நல்ல தீர்வு. உங்கள் இடத்துக்குப் பொருந்தாது.

இனி அந்த வேறு வழி. மூலை மனை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பின்பக்க இடத்தின் 16 மீட்டர் பக்கம் ஒன்று பக்கத்துத் தெருவைப் பார்த்து இருக்கும். கேட்டை அங்கே, நடுப்பாதைக்கு நேராக வையுங்கள். தெருவிலிருந்து வரும் கார் திரும்பாமல் நேராக நடுப்பாதைக்குள்ளேயே நுழைகிறது, நுழைவு வழிக்கென்று எந்த வரிசையிலும் ஒரு கட்டம்கூடப் போகாது. கட்டடத்தை ஒட்டிய வரிசையில் மாற்றுத்திறனாளி கட்டம் 3.6, சாதாரணக் கட்டம் 6க்கு 15, முட்டுமுனைக்கு 1, கேட் பக்கச் சுவருக்கு 0.3. கூட்டினால் 19.9. உங்களிடம் இருப்பது 20. எதிர் வரிசையில் 7 கட்டம் தாராளமாக உட்காரும். மொத்தம் 14. கட்டடத்தின் பக்கவாட்டில் காருக்கென்று விட்டிருந்த வழியும் மிச்சமாகிறது, அதை நடைபாதையாக்கிக்கொள்ளலாம்.

10 சென்டிமீட்டர்தான் மிச்சம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், 20 என்பது சுவரின் உள்பக்கத்தில் அளந்த அளவாக இருக்க வேண்டும், பூச்சுக்கும் அப்புறம். பத்திரத்தில் உள்ள அளவையோ சுவரின் வெளிப்பக்க அளவையோ வைத்துப் பிளான் போட்டுவிட்டு, கட்டி முடித்து அளக்க வரும்போது ஒரு கட்டம் குறைந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அகலத்திலும் அதே கதைதான், 5 + 6 + 5 போக ஒரு விரல்கூட மிச்சமில்லை. தூண், மழைநீர்க் குழாய், ஜெனரேட்டர், குப்பைத்தொட்டி என்று எதுவும் அந்த 16க்குள் வரக் கூடாது. கட்டடத்தின் மேல்மாடி பார்க்கிங்குக்கு மேலே நீண்டு, அதற்குத் தூண் வரப்போகிறது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். கட்டத்துக்குள் வருகிற 30 சென்டிமீட்டர் தூண் அந்தக் கட்டத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிடும்.

இதில் ஒரு இடத்தில் நீங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டாக வேண்டும். தெருவில் நின்று கேட் திறக்கக் காத்திருக்கும் கார் சாலையையோ நடைபாதையையோ மறிக்கக் கூடாது என்பதற்காக, கேட்டை 5, 6 மீட்டர் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லும் விதி பல ஊர்களில் உண்டு. உங்கள் ஊரில் அது இருந்து, அந்தத் தூரத்துக்குக் கட்டமும் இருக்கக் கூடாது என்றால் வரிசைக்கு இரண்டு, மூன்று கட்டம் போய்விடும், 14 குறைந்து ஒன்பது, பத்தாகிவிடும். வேலை நேரம் முழுக்கத் திறந்தே இருக்கும் நகர்த்துக் கேட் என்று பிளானில் எழுதினால் சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், அதையும் கேளுங்கள். கூடவே கேட் தெருமுனையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள், பின்பக்க இடம் என்பதால் உங்களுக்குத் தூரம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டின் இருபுறமும் மூலையில் உயரச் சுவரும் அடர்ந்த செடியும் வேண்டாம். வெளியே வரும் ஓட்டுநருக்கு நடந்து வருகிற குழந்தை தெரிய வேண்டும், சுவர் மார்பளவு இருந்தால் ஓட்டுநருக்குத் தெரிவது மற்ற கார்களின் கூரைதான்.

அந்த 14ஐயும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள், அது எப்படி வந்தது என்று பாருங்கள். 50 சதுர மீட்டருக்கு ஒரு கார் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தளப்பரப்பு 690 என்றால் 13.8, மேலே ஏற்றி 14. ஆனால் விதி மாடிப்படி, லிஃப்ட், கழிவறை போக மிச்சத்தை மட்டும் எடுக்கச் சொன்னால் அது 590 ஆகலாம், அப்போது 12 போதும். எந்தப் பரப்பை எடுப்பது, பின்னத்தை மேலே ஏற்றுவதா விடுவதா என்ற இரண்டும் விதியின் விளக்கப் பகுதியில் இருக்கும், பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. கிளினிக் மாலையிலும் அலுவலகம் பகலிலும் இயங்கினால் இரண்டுக்கும் ஒரே இடத்தைக் கணக்குக் காட்ட அனுமதிக்கும் ஊர்களும் உண்டு. இப்படிக் குறைத்துக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கட்டடத்துக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்ற விதியே நூறு வருடப் பழக்கம்தான், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம் 1923ல் அடுக்குமாடிகளுக்கு அதைக் கொண்டுவந்தது. இப்போது பல நகரங்கள் அதைக் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. லண்டன் 2004லும் மெக்சிகோ சிட்டி 2017லும் குறைந்தபட்சத்தை எடுத்துவிட்டு இதற்கு மேல் கட்டாதே என்று உச்ச வரம்பு வைத்தன. என்னைக் கேட்டால் அதுதான் சரியான திசை, ஆனால் உங்கள் ஊர் விதி மாறும்வரை உங்கள் பிளான் இன்றைய விதிக்குத்தான் நிற்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி கட்டத்தை எண்ணிக்கைக்காக ஒரு மூலையில் தள்ளிவிடாதீர்கள். அந்த 3.6 என்பது 2.4 மீட்டர் காருக்கு, 1.2 மீட்டர் சக்கர நாற்காலிக்கு. அந்த 1.2 மீட்டர் பட்டை கோடு போட்டு, பின்கதவுக்கு நேராக, நடுவில் படியோ மேடோ இல்லாமல் போய்ச் சேர வேண்டும். எனவே அந்தக் கட்டத்தைக் கதவு இருக்கும் இடத்துக்கு எதிரே போடுங்கள், வரிசையின் நடுவில் வந்தாலும் எண்ணிக்கை மாறாது. தரையும் அங்கே கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும், அமெரிக்க விதியில் 48க்கு 1க்கு மேல் சரிவு கூடாது. சரிவு கூடினால் நாற்காலி தானாக உருளும், காரிலிருந்து அதற்கு மாறும் அந்த அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. மழைநீர் ஓட மற்ற இடத்தில் 100க்கு 1, 2 என்று சரிவு வேண்டும்தான். வாய்க்காலை நடுப்பாதையின் மையத்தில் வைத்து இரு பக்கமும் அதை நோக்கிச் சரித்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும், சுவரோரமும் காலியாக இருக்கும்.

புதிய பிளானை வரைந்து கொடுப்பதற்கு முன் ஒரு காலை நேரத்தில் சுண்ணாம்புத் தூளும் கயிறும் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். கேட் வரும் இடம், நடுப்பாதை, முட்டுமுனையில் உள்ள கடைசி இரண்டு கட்டங்கள், இவற்றை மட்டும் தரையில் முழு அளவில் கோடு போடுங்கள். இருப்பதிலேயே பெரிய காரைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு காரை நிறுத்திவிட்டு, கடைசிக் கட்டத்துக்குள் விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கட்டும், பின்சீட்டிலிருந்தும் ஒருவர் இறங்கட்டும். ஒரே தடவை முன்னே பின்னே போய் கார் வெளியே வந்துவிட்டால் அந்தக் கோடுகளையே அளந்து பிளானில் ஏற்றுங்கள்.