கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு சம்பளமும் சேர்த்து கைக்கு 68,000 ரூபாய் வருகிறது. அயனாவரத்தில் வாடகை வீடு. கணவரின் அண்ணன் ஆவடி பக்கம் ஊழியம் செய்கிறார், சபைக்குச் சொந்தக் கட்டடம் கட்டுகிறார். அதற்கு என் கணவர் 5 லட்சம் தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணினார். பர்சனல் லோன் எடுத்து 3 லட்சம் கொடுத்தோம் (14% வட்டி, 4 வருடம், 14 தவணை கட்டியாயிற்று). என் ஐந்து பவுன் சங்கிலியைத் தனியார் நகைக்கடன் கம்பெனியில் வைத்து 1.5 லட்சம் கொடுத்தோம், அதற்கு மாதம் ஒன்றரை வட்டி. மாதக் கடைசியில் கையில் நிற்காததால் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) 6,800ஐயும் சில மாதங்களாக கிரெடிட் கார்டில்தான் கொடுக்கிறோம். கார்டில் 84,000 நிற்கிறது, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறோம். ஆராதனை முடிந்ததும் திரையில் பொருத்தனைப் பட்டியல் போடுவார்கள், எங்கள் பெயருக்கு நேரே "பாக்கி 50,000" என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. டிசம்பரில் பிரதிஷ்டை. பழைய லோன் மேலேயே டாப்-அப் வாங்கலாம் என்கிறார் கணவர். மாமியாரின் கண்புரை ஆபரேஷனைக்கூட அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டோம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவளுக்கென்று வங்கியில் போட்ட 1 லட்சம் டெபாசிட் மட்டும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசினாலே "பூமியிலே பொக்கிஷம் சேர்க்காதே என்று வசனம் இருக்கே, உனக்கு விசுவாசம் போதாது" என்கிறார். கூட வேலை பார்க்கும் டீச்சர் டிஜிட்டல் கோல்டில் தினம் 50 ரூபாய் போடச் சொல்கிறார். போடலாமா? சேமிக்க நினைப்பது விசுவாசக் குறைவா?

பதில்: சகோதரி, டிஜிட்டல் கோல்டை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். ஆப்பில் விற்கும் இந்த டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்புக்குள் வராது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 நவம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அதைவிட முக்கியம், கார்டு கடனுக்கு வருடம் 42 சதவீதம் வட்டி கட்டுகிற வீட்டில் தினம் 50 ரூபாய்க்கு எதை வாங்கினாலும் நஷ்டம்தான். அந்த டீச்சர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார், இருக்கட்டும்.

வரவு செலவு எழுதுங்கள், கையில் அவசரப் பணம் வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. இவ்வளவு விவரமாக எழுதத் தெரிந்த உங்களுக்கு அது தெரியும். உங்கள் வீட்டை அரிப்பது ஒரே ஒரு பழக்கம்: கையில் இல்லாத பணத்தைக் காணிக்கையாகக் கொடுப்பது. நானும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன், தசமபாகம் கொடுக்கிறவன், அதனால் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன், இன்று இரவு கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். பர்சனல் லோனுக்கு மாதம் சுமார் 8,200 கட்டுகிறீர்கள், இன்னும் 34 தவணை பாக்கி, அசல் ஏறக்குறைய 2.3 லட்சம் நிற்கும், ஆக இந்த மாதத் தவணையில் வட்டி மட்டும் 2,670. நகைக்கடனுக்கு வட்டி 2,250. கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 2,940, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 3,470. மூன்றையும் கூட்டினால் 8,390 ரூபாய். உங்கள் தசமபாகம் 6,800. கடவுளுக்கு என்று நீங்கள் எடுத்து வைப்பதைவிட வட்டிக்குப் போவது அதிகம், அதுவும் மாதாமாதம், ஒரு நாள் பிந்தாமல்.

கார்டை மட்டும் தனியாகப் பாருங்கள். 4,200 கட்டுகிறீர்கள், அதில் 3,470 வட்டிக்கும் வரிக்கும் போய்விடுகிறது, அசலில் கழிவது 730. அதே மாதம் 6,800 காணிக்கையை அதே கார்டில் தேய்க்கிறீர்கள். அடுத்த பில் 90,000. அதற்கடுத்தது 96,000க்கு மேல். இப்போது ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துவிடலாம், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போகிறது உங்கள் பணமா கடன் பணமா என்பது கைக்குத் தெரிவதே இல்லை. இந்த வசதியை ஆகா ஓகோ என்று புகழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக வருகிறது. இன்றைக்கே போனில் அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள்.

சரி, வசனத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் சண்டை பணத்தைப் பற்றி இல்லை, வசனத்தைப் பற்றி. பூமியில் பொக்கிஷம் சேர்க்க வேண்டாம், பூச்சியும் துருவும் கெடுக்கும், திருடர் கன்னமிடுவார்கள் என்று இயேசு சொன்னது மத்தேயு 6ஆம் அதிகாரத்தில். உங்கள் பொக்கிஷம் எங்கேயோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மகள் காலேஜ் ஃபீஸுக்கு ஒதுக்கிய 1 லட்சத்தில் உங்கள் இருதயம் சிக்கிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை, அந்தப் பெண்ணின் மேல் இருக்கிற பொறுப்புதான் அது. லூக்கா 12இல் வரும் ஐசுவரியவானைக் கர்த்தர் மதிகேடன் என்றாரே, அவன் தானியம் வைத்திருந்ததற்காகவா? தனக்காகவே சேர்த்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி, இனி புசித்துக் குடித்துப் பூரிப்பாயிரு என்று தன் ஆத்துமாவுக்கே சொல்லிக்கொண்டு, தேவனிடத்தில் ஒன்றுமில்லாதவனாய் நின்றதற்காக. எகிப்தில் யோசேப்பு ஏழு வருடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தாரே, அவரை யாரும் அவிசுவாசி என்று சொன்னதில்லை.

இன்னொன்று. அதே மத்தேயு 6 எப்படித் தொடங்குகிறது என்பதைக் கணவரை வாசிக்கச் சொல்லுங்கள். தர்மம் செய்யும்போது வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்று தொடங்குகிறது. அப்படிப்பட்ட அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் பெயர் போட்டுச் சிவப்பில் பாக்கி எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கூச்சப்பட்டு எடுக்கிற டாப்-அப் லோன் பரலோகத்தில் எந்தக் கணக்கிலும் ஏறாது. கடனோ கழுத்தைப் பிடிக்கும்: 50,000க்கு மீதி 34 மாதமும் கூடுதலாக 1,790, மொத்தம் 61,000.

"பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதிக்காதே என்று பிரசங்கி 5இல் இருக்கிறதே" என்று கணவரின் அண்ணன் கேட்பார். இருக்கிறது. பண்ணிவிட்டுச் செலுத்தாமல் போவதைவிடப் பண்ணாமல் இருப்பது நல்லது என்று அங்கேயே அடுத்த வசனமும் இருக்கிறது. ஆனால் ரொம்பப் பேர் தாண்டிப் போகிற ஒரு இடம் லேவியராகமம் 27:8. பொருத்தனை பண்ணினவன் குறித்த தொகையைச் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும், ஆசாரியன் அவனுடைய திராணிக்குத் தக்கபடி மறுபடி மதிப்பிட வேண்டும். மோசேயின் கண்டிப்பான சட்டமே இந்த வழியைத் திறந்து வைத்திருக்கும்போது ஆவடியில் அதை மூட யாருக்கும் உரிமையில்லை. பவுலும் 2 கொரிந்தியர் 8:12இல் இதைத்தான் சொல்கிறார்: மனவிருப்பம் இருந்தால் இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அது ஏற்றுக்கொள்ளப்படும். இயேசு பாராட்டிய ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசும் அவள் காசுதான், கடன் வாங்கினது இல்லை.

நூறு மடங்கு திரும்ப வரும் என்று சொல்லி வாங்குகிற சபைகளும் உண்டு. உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனாலும் கணவர் மனதின் ஓரத்தில் அது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அவர் ஆசைப்படுவதும் பூமியின் பொக்கிஷம்தான், கேட்கிற இடம் மட்டும் வேறு.

மாமியார் விஷயத்தைப் படித்தபோது மனசு வலித்தது. அவர் உங்கள் கணவருக்கு மட்டும் அம்மா இல்லை, கட்டடம் கட்டுகிற அண்ணனுக்கும் அம்மா. மாற்கு 7இல் இயேசு பரிசேயரைக் கண்டித்தது இதற்காகத்தான்: தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியதற்காக. ஆபரேஷனை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை சிகிச்சை இலவசம், 1819இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, உங்களுக்குப் பக்கம்தான். இந்த வாரமே ஒருநாள் காலையில் கூட்டிப் போங்கள், முடிந்தால் அண்ணனையும் கூட வரச்சொல்லுங்கள்.

இனி பணத்துக்குச் செய்ய வேண்டியது. மகளின் டெபாசிட்டைத் தொட உங்களுக்கு மனமிருக்காது, ஆனால் நான் உடைக்கத்தான் சொல்வேன். அது ஏழு சதவீதம் சம்பாதிக்கிறது, கார்டு 42 சதவீதம் தின்கிறது. மொத்தமாக எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று கார்டு வங்கியில் கேளுங்கள், 90,000 பக்கம் வரும், கட்டிவிட்டுக் கார்டையே ரத்து செய்யுங்கள். நகைக்கடனைப் பொதுத்துறை வங்கிக்கு மாற்றுங்கள், வேறு இடத்தில் இருக்கும் நகைக்கடனைப் பல வங்கிகள் எடுத்துக்கொள்கின்றன. பத்து சதவீதம் என்றாலும் வட்டி மாதம் 1,250 ஆகிவிடும், அதில் 1,000 மிச்சம். கார்டுக்குப் போன 4,200ஐயும் சேர்த்தால் 5,200 கையில் நிற்கும்.

அதில் முதல் 2,000 காணிக்கை. சம்பள நாளிலேயே ரொக்கமாகக் கவரில் போட்டு வையுங்கள், கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். தசமபாகத்தை நிறுத்து என்று நான் சொன்னதாகக் கணவர் கோபப்பட்டால், கடன் வாங்கிக் கொடுப்பதைத்தான் நிறுத்தச் சொன்னேன் என்று சொல்லுங்கள். 34 மாதத்தில் பர்சனல் லோன் முடியும், அன்றைக்கு 8,200 விடுபடும், அப்புறம் முழு 6,800ஐயும் சொந்தப் பணத்திலேயே கொடுக்கலாம். அடுத்த 1,000 பொருத்தனைப் பாக்கிக்கு, மாதாமாதம். நான்கு வருடத்துக்கு மேல் ஆகும்தான், ஆகட்டும். மீதி 2,200ஐ மகள் பெயரில் வங்கி ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பில்) போடுங்கள், மியூச்சுவல் ஃபண்ட் கூட இப்போது வேண்டாம், அடுத்த ஜூனில் தேவைப்படும் பணம் அது. ஃபீஸுக்குப் பற்றாது என்று எனக்கும் தெரியும். கல்விக்கடன் கேளுங்கள், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்க வழியிருக்கிறது, படித்து முடித்த பிறகு கட்டத் தொடங்கலாம். அதுவும் கடன்தான், ஆனால் அந்தப் பெண் சம்பாதித்துக் கட்டக்கூடிய கடன்.

அண்ணனிடம் பேசுவது கணவரின் வேலை, உங்களுடையது இல்லை. நீங்கள் பேசினால் "மருமகள் தடுக்கிறாள்" என்று ஆகிவிடும். ஞாயிறன்று சபையில் வேண்டாம், வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் அம்மாவை வைத்துக்கொண்டு பேசட்டும்: "அண்ணா, பாக்கியை மாதம் ஆயிரமாகத் தருகிறேன், புதுக் கடன் வாங்க மாட்டேன், திரையில் என் பெயரை எடுத்துவிடுங்கள்." அவர் கோபித்துக்கொண்டாலும் டாப்-அப் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். உங்களையும் இணைக் கடனாளியாகச் சேர்க்கிறார்கள் என்றால் நீங்களும் போடாதீர்கள். பிரதிஷ்டைக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள்.