கெர்னலில் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) டெட்லாக் என்று சந்தேகம். மெஷின் ஓடுகிறது, ஆனால் சில புராசஸ்கள் (ஓடும் புரோகிராம்கள்) கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கமாண்டைப் போட்டாலும் சாகவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டெட்லாக்காக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. லினக்ஸ் என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

டெட்லாக் என்றதும் எல்லோரும் இரண்டு லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) தேடுவோம். காலேஜில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: ஒருவன் முதல் லாக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்கு நிற்கிறான், இன்னொருவன் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்கு நிற்கிறான். கெர்னலில் நான் மாட்டிக்கொண்டு முழித்தவற்றில் பாதிக்கு மேல் அப்படி இல்லை. ஒரு பக்கம் லாக் இருக்கும், மறுபக்கம் லாக் என்ற பெயரே இல்லாத ஏதோ ஒரு காத்திருப்பு இருக்கும். அந்த டைமர் முடியட்டும், வொர்க்கியூவில் (கெர்னல் பின்னணியில் செய்யும் வேலைகளின் வரிசை) ஓடும் வேலை முடியட்டும், டிரைவரோடு பேச உதவும் சிஸ்எஃப்எஸ் ஃபைலைப் படித்துக்கொண்டிருப்பவர் வெளியே வரட்டும், இப்படி. அதனால் லாக்கைத் தேடாதீர்கள், யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று தேடுங்கள்.

ஆரம்பத்தில் பார்க்க வேண்டியது சிபியு சூடாக இருக்கிறதா, சும்மா இருக்கிறதா என்பது. தூங்காமல் சுற்றியபடியே காத்திருக்கும் ஸ்பின்லாக்கில் மாட்டினால் அந்த கோர் நூறு சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், வாட்ச்டாக் என்ற கெர்னல் கண்காணிப்பு ஆன் ஆகியிருந்தால் சுமார் 20 வினாடியில் சாஃப்ட் லாக்கப் என்று அதுவே கத்திவிடும். இன்டரப்ட்டை அணைத்துவிட்டுச் சுற்றினால் ஹார்டு லாக்கப், அது வேறு தலைவலி. உங்களுடையது அது இல்லை. மியூடெக்ஸ் மாதிரி தூங்கிக்கொண்டு காத்திருக்கும் லாக்கில் மாட்டினால் சிபியு சும்மா கிடக்கும், புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டை அடித்தால் புராசஸ் பக்கத்தில் டி என்று காட்டும். எந்த சிக்னலாலும் எழுப்ப முடியாத தூக்கம் அது. கில் கமாண்டில் கோளாறு எதுவும் இல்லை, சிக்னல் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது, வாங்கிக்கொள்ள அவன் கண் விழிக்க வேண்டுமே.

சரி, கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒரு சின்ன கம்பெனியில் ஏஆர்எம் போர்டுகளுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். சிப் விற்றவர்கள் கொடுத்த 4.9 கெர்னல். ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் ஒரு சென்சார், அதை வினாடிக்கு ஒருமுறை படிக்க டிலேய்டு வொர்க் (வொர்க்கியூவில் தாமதித்து ஓடும் வேலை) ஒன்று, நடுவில் ஒரு மியூடெக்ஸ். சென்சாரை ஆன், ஆஃப் செய்ய சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு ஃபைல், 1 எழுதினால் ஆன், 0 எழுதினால் ஆஃப். மின்சாரம் மிச்சப்படுத்த ஒரு புரோகிராம் சராசரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை அணைத்துப் போடும். 12 போர்டுகள் இரவும் பகலும் டெஸ்ட்டில் ஓடின. கிட்டத்தட்ட தினம் ஒரு போர்டு படுத்துவிடும், எந்த போர்டு என்று சொல்ல முடியாது. ஹார்டுவேர்க்காரர்கள் சாஃப்ட்வேர் என்றார்கள், நாங்கள் பவர் சப்ளை என்றோம், வழக்கமான பஞ்சாயத்து.

டெஸ்டிங்கில் இருந்த ஒரு அக்காதான் முதல் துப்பைக் கொடுத்தார். "போர்டு சாகலப்பா, உள்ள போக முடியுது. ஆனா லோடு ஆவரேஜ் 71 காட்டுது, சிபியு சும்மாதான் இருக்கு." லினக்ஸ் லோடு கணக்கில் ஓடுகிறவர்களோடு டி ஸ்டேட்டில் தூங்குகிறவர்களையும் சேர்த்துத்தான் எண்ணும் என்பது தெரிந்திருந்தால் இந்த ஒரு வரியே போதும். 71 பேர் எதற்கோ நிற்கிறார்கள். டெம்பரேச்சரைப் படித்துப் பதிவு ஃபைலில் எழுத நிமிடத்துக்கு ஒருமுறை கிரானில் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டுவது) ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், அதிலிருக்கும், ஃபைலைப் படிக்கும் கேட் கமாண்டு ஒவ்வொன்றாகப் போய் மாட்டியிருக்கிறது. ஆக, பிரச்சினை ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதும் அந்த எண்ணிலேயே இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது மேஜிக் சிஸ்-ரிக்வெஸ்ட், கெர்னலிடம் நேராகக் கட்டளை கொடுக்கும் வழி. ரூட்டாக இருந்து, புராக் கீழே இருக்கும் சிஸ்ரிக்வெஸ்ட்-டிரிகர் ஃபைலில் டபிள்யூ என்ற சிறிய எழுத்தை எழுதினால் டி ஸ்டேட்டில் இருக்கும் எல்லோருடைய ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) கெர்னல் கொட்டிவிடும். நான் சீரியல் கன்சோலில் பிடித்தேன், ஆயிரம் வரிக்கு மேல் வந்தது. ஆயிரம் வரியையும் படிக்க வேண்டாம், யாராலும் முடியாது. ஒரே மாதிரி இருப்பவற்றை ஒதுக்கிவிட்டு வித்தியாசமாக நிற்பது எது என்று மட்டும் பாருங்கள். 69 கேட் கமாண்டும் மியூடெக்ஸ் லாக் ஃபங்ஷனில் நின்றன, அப்பாவிகள். 70வது ஒரு கேவொர்க்கர் (வொர்க்கியூ வேலைகளை ஓட்டும் கெர்னல் ஆள்), சென்சாரைப் படிக்கும் நம்முடைய போலிங் ஃபங்ஷனுக்குள் அதே மியூடெக்ஸுக்கு நின்றது. 71வது ஆள், அந்த ஆஃப் செய்யும் புரோகிராம், மியூடெக்ஸில் இல்லை. அதன் ஸ்டாக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தால்: ரைட் சிஸ்டம் கால், நம் டிரைவரின் ஆஃப் ஃபங்ஷன், கேன்சல் டிலேய்டு வொர்க் சிங்க், ஃப்ளஷ் வொர்க், வெயிட் ஃபார் கம்ப்ளீஷன்.

எழுபது பேர் லாக்குக்கு நிற்கும்போது லாக்குக்கு நிற்காத ஒருவன் இருந்தால் அவன் கையில்தான் லாக் இருக்கும். டிரைவரின் சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தேன். ஆஃப் ஃபங்ஷன் மியூடெக்ஸைப் பிடிக்கிறது, சென்சாருக்குத் தூங்கு என்று ஒரு கமாண்டு அனுப்புகிறது, பிறகு லாக்கை விடாமலே கேன்சல் டிலேய்டு வொர்க் சிங்க்கைக் கூப்பிடுகிறது. அந்தப் பெயரில் கடைசியில் இருக்கும் சிங்க் என்ற சொல்லுக்கு, வேலை ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தால் அது முடியும் வரை நிற்பேன் என்று அர்த்தம். ஓட ஆரம்பித்த வேலையின் முதல் வரியோ அதே மியூடெக்ஸைக் கேட்கிறது. குளியலறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, நீ குளித்துவிட்டு வந்தால்தான் நான் நகர்வேன் என்று பிள்ளையிடம் சொல்வது மாதிரி. அதை எழுதியது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாடியில் வேறு யாரோ எழுதியது என்று அன்று இரண்டு மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஏன் எப்போதாவதுதான் வருகிறது? வேலை இன்னும் வரிசையில் காத்திருந்தால் கேன்சல் அதை எடுத்துப்போட்டுவிடும், சிக்கலே இல்லை. நாம் மியூடெக்ஸைப் பிடித்த பிறகு, கேன்சலைக் கூப்பிடுவதற்குள், வேலை தொடங்கினால் மட்டுமே சிக்கல். அந்த இடைவெளியில் நடப்பது ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் மூன்று பைட் அனுப்புவது. 100 கிலோஹெர்ட்ஸில் பைட்டுக்கு 9 கிளாக், 90 மைக்ரோ வினாடி, மூன்றுக்கும் சேர்த்து முன்பின் 300 என்று வையுங்கள். வேலை வினாடிக்கு ஒருமுறை வருகிறது, ஆக மூவாயிரத்துச் சொச்சம் தடவை ஆஃப் செய்தால் ஒருமுறை மாட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு போர்டு நாளைக்கு 288 தடவை, 12 போர்டுக்கு 3456. தினம் ஒரு போர்டு! இந்தக் கணக்கு ஒத்துவந்தபோது வந்த நிம்மதி ஃபிக்ஸ் போட்டபோதுகூட வரவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால் இப்படி ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் உங்கள் காரணம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பிடித்தது வேறொரு பிழையாக இருக்கலாம்.

அடுத்து, சரிசெய்வதற்கு முன்னால் வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள். மியூடெக்ஸுக்கும் கேன்சலுக்கும் நடுவில் 500 மில்லி வினாடி எம்ஸ்லீப் (சும்மா தூங்க வைக்கும் ஃபங்ஷன்) போட்டேன். 300 மைக்ரோ வினாடி ஜன்னல் அரை வினாடி வாசல் ஆகிவிட்டது. இரண்டாவது ஆஃபிலேயே போர்டு படுத்தது. பிறகு ஃபிக்ஸ் போட்டு, அதே எம்ஸ்லீப்பை வைத்தபடியே ஓட்டினால்தான் ஃபிக்ஸ் உண்மையா என்று தெரியும்.

ஃபிக்ஸ் விஷயத்தில் கூட வேலை பார்த்த தம்பி ஒருவன் சிங்க் இல்லாத கேன்சலைப் போட்டுவிடலாம் அண்ணா என்றான். டெட்லாக் போய்விடும், உண்மைதான். ஆனால் சென்சாரை அணைத்த பிறகும் வேலை எங்கோ ஓடிக்கொண்டிருக்கும், டிரைவரையே கழற்றும் நேரத்தில் அது நடந்தால் விடுவித்த மெமரியைத் தொடும். தொங்கிப்போகும் போர்டு பரவாயில்லை, எங்கே தப்பு என்று அதுவே காட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் ஆன், ஆஃப் பாதைக்கு என்று தனியாக ஒரு மியூடெக்ஸ் வைத்தோம், வேலை அதைத் தொடவே தொடாது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலில் கேன்சல், வேலை முடிந்தது உறுதியான பிறகு பழைய மியூடெக்ஸைப் பிடித்துச் சென்சாரை அணைப்பது.

உங்களுடையது செர்வராக இருந்து கேடம்ப் (கெர்னல் மெமரியின் நகல்) எடுக்க முடிந்தால் இன்னும் நேரான வழி உண்டு. அதைப் படிக்க உதவும் கிராஷ் டூலில் டம்ப்பைத் திறந்து, மாட்டியவர்கள் கேட்கும் மியூடெக்ஸின் ஓனர் ஃபீல்டைப் பாருங்கள். இப்போதைய கெர்னல்களில் அது லாக்கை வைத்திருப்பவரின் டாஸ்க் ஸ்ட்ரக்ட் (புராசஸைப் பற்றிக் கெர்னல் வைத்திருக்கும் விவரம்) முகவரி, ஆனால் கடைசி மூன்று பிட்டுகளை கெர்னல் தன் கொடிகளுக்காக எடுத்துக்கொள்கிறது. யாராவது காத்திருந்தால் கடைசி பிட் 1 ஆக இருக்கும். அப்படியே முகவரியாகக் கொடுத்தால் குப்பை வரும், ஒருமுறை அதைப் பார்த்து மெமரி கரப்ஷன் என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்று பிட்டையும் பூஜ்யமாக்கிவிட்டுப் பாருங்கள், ஆள் பெயரோடு கிடைப்பார். அவருடைய ஸ்டாக்கை எடுங்கள், அவர் எதற்கு நிற்கிறார் என்று பாருங்கள், இப்படியே போனால் ஏற்கெனவே பார்த்த முகத்துக்குத் திரும்பி வந்துவிடுவீர்கள்.

ஹங் டாஸ்க் டிடெக்டரையும் கெர்னல் கான்ஃபிக்கில் ஆன் செய்து வையுங்கள். 120 வினாடிக்கு மேல் ஒருவர் டி ஸ்டேட்டிலேயே கிடந்தால் ஸ்டாக்கோடு சொல்லிவிடும். ஆனால் வழக்கமான செட்டிங்கில் 10 எச்சரிக்கை கொடுத்துவிட்டு அதோடு வாயை மூடிக்கொள்ளும், அதனால் கெர்னல் பதிவின் கடைசியைப் பார்க்காமல் முதலில் வந்ததைப் பாருங்கள்.

கெர்னலுக்குள்ளேயே இருக்கும் லாக் சரிபார்ப்பான் லாக்டெப் பற்றி ஏன் இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தவர்கள் கேட்பீர்கள். நியாயப்படி அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வென்னும் எழுதி 2006இல் 2.6.18 கெர்னலில் வந்தது. எந்த லாக்கைப் பிடித்துக்கொண்டு எந்த லாக்கைக் கேட்கிறார்கள் என்ற வரிசையை ஓடும்போதே குறித்துக்கொண்டு, வட்டம் உருவாக வாய்ப்பு தெரிந்தாலே எச்சரிக்கும், டெட்லாக் நிஜமாக நடக்கத் தேவையில்லை. வொர்க்கியூ வேலையையும் ஒரு பொய் லாக் மாதிரி பாவித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்பதால் என் பிழையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாளே லாக்டெப்பை இயக்கும் புரூவ் லாக்கிங் செட்டிங்கை ஆன் செய்துதான் ஓட்டினோம். சென்சார் டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. லாக்டெப்பே சும்மா இருக்கிறது, லாக் பிரச்சினை இல்லை என்று ஒரு வாரம் பவர் சப்ளையைக் குடைந்தோம். எல்லாம் முடிந்து, ஒன்பதாம் நாள் போர்டு பூட் ஆனபோது எழுதிய பழைய பதிவைப் புரட்டினால் வேறு ஏதோ ஒரு டிரைவர் ஏற்றப்படும்போது லாக்டெப் மூன்று வரி எழுதியிருக்கிறது. நிலையான கீ (லாக்கை அடையாளம் காட்டும் குறி) இல்லாத லாக் ஒன்று வந்திருக்கிறது என்று முதல் வரி. கோடு சரிதான், குறிப்பு சேர்த்தால் போதும் என்று இரண்டாவது. அதைப் படித்துவிட்டுத்தான் அன்று எல்லோரும் நகர்ந்திருக்கிறோம். மூன்றாவது வரி, லாக் சரிபார்ப்பை நிறுத்துகிறேன் என்பது. ஒரே ஒரு புகார், அதோடு அது தன்னை அணைத்துக்கொள்ளும். புராக் கீழே லாக்டெப்_ஸ்டாட்ஸ் ஃபைலில் டிபக் லாக்ஸ் என்ற வரி 0 என்று இருந்தால் அணைந்துவிட்டது என்று பொருள், நாங்கள் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த இன்னொரு டிரைவரில் ஸ்பின்லாக்கை இனிஷியலைஸ் செய்ய மறந்திருந்தார்கள், ஒரு வரி. அதைச் சேர்த்து, என் பழைய தப்புக் கோடையே திரும்ப வைத்து பூட் செய்து, 1 எழுதி, கொஞ்ச நேரம் விட்டு 0 எழுதினேன். போர்டு தொங்கவில்லை, நன்றாகத்தான் ஓடியது. கன்சோலில் மட்டும் என் இரண்டு ஃபங்ஷன்களின் பெயரோடு முழு வட்டமும் வரைந்து வந்துவிட்டது.