பாலித் தீவின் பாரம்பரிய மசாஜ் எப்படி இருக்கும்? ஸ்பாவில் என்ன கேட்டு வாங்கலாம்?

தாய்லாந்து மசாஜ் போல உடம்பை வளைத்து இழுப்பதல்ல, இது முழுக்க எண்ணெய் மசாஜ். பல ஸ்பாக்களில் முதலில் பூ மிதக்கும் வெந்நீரில் காலைக் கழுவிவிடுவார்கள். அப்புறம் குப்புறப் படுத்தால், உள்ளங்கையால் நீளமாகத் தேய்த்து, முதுகெலும்பின் இருபுறமும் கட்டைவிரலால் அழுத்தி, தோலைச் சுருட்டிச் சுருட்டிப் பிடிப்பார்கள். தோள்பட்டையில் இறுக்கம் இருந்தால் அங்கேயே நின்று நிதானமாக எடுப்பார்கள். அந்த லேசான வலி சுகம்தான்! ஆனால் அழுத்தம் கூடினால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், உடனே சொல்லிவிடுங்கள்.

60 நிமிடம் போதாது, 90 எடுங்கள். 'போரே' என்ற பற்று கிடைத்தால் விடாதீர்கள். அரிசி, கிராம்பு, இஞ்சி எல்லாம் சேர்த்து அரைத்தது. வயலில் உழைப்பவர்கள் உடம்பு வலிக்குப் பூசி வந்தது. நன்றாகச் சூடேறும். வெயிலில் தோல் கன்றியிருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ அது வேண்டாம்.